எட்டு ஒலிப்பதிவுகளோடு ஜார்ஜ்டவுனில் ஒரு சனிக்கிழமை

பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எட்டுப் பேர், ஆசிரியர்கள் இருவர், கைப்பேசிகள் மூன்று. தாசேக் கெலுகோரிலிருந்து படகேறித் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் போய் வந்தோம். வகுப்பில் மொத்தமே எட்டுப் பேர்தான். யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'நான் சென்ற சுற்றுலா' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். எட்டுக் கட்டுரைகளும் ஒரே வாக்கியத்தில் முடிந்தன. நாங்கள் மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம். அவர்களில் மூன்று பேர் எங்குமே போகாதவர்கள். போகாத இடத்திலிருந்தும் மகிழ்ச்சியாகத் திரும்பியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான்.

சிவப்பு மையை மூடி வைத்தேன். எழுத வேண்டாம், ஒரு நிமிடச் சத்தம் பதிவு செய்துகொண்டு வாருங்கள் என்றேன்.

திட்டம் இதுதான். ஜார்ஜ்டவுன் வரைபடத்தில் எட்டுப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மாணவரின் ஒலிப்பதிவு. ஆனால் அது டவுனின் சத்தம் அல்ல, அவர்கள் வீட்டின் சத்தம். மணிக்கூண்டுக்கு ஹரிஷ் வீட்டு அலாரமும் அதற்கு அவன் அப்பா விடும் ஏச்சும். கோட்டைக்கு, கவின் வீட்டில் அண்ணனும் தம்பியும் தலையணையால் போடும் போர். டவுனில் நின்றுகொண்டு தாசேக் கெலுகோரைக் கேட்க வேண்டும்.

பயன்படுத்தியவை எல்லாம் இலவசம். கைப்பேசியிலேயே இருக்கும் ஒலிப்பதிவுச் செயலி. பதிவை வெட்டி ஒட்ட ஓர் இலவச மென்பொருள். புள்ளிகள் குத்தி அதில் ஒலியை இணைக்கும் வரைபடம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கியூஆர் குறியீடு. பாரம்பரியப் பகுதியில் சுவரில் எதையும் ஒட்ட முடியாது, ஒட்டவும் கூடாது. அதனால் குறியீட்டை அட்டையில் அச்சிட்டு, நெகிழி உறை போட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கழுத்தில் மாட்டினோம். எட்டு அட்டைக்கும் பதினாறு வெள்ளி. இந்தத் தொழில்நுட்பத்தில் நாங்கள் செலவழித்த ஒரே தொகை அதுதான்.

எட்டாவது புள்ளி மித்ராவுடையது. லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் தெருவில் உள்ள ஒரு மளிகைக் கடை. மித்ராவின் அம்மா பரமேஸ் அக்கா அங்கே மசாலாப் பொட்டலம் போடுகிறார். தன் பதிவை வகுப்பில் யாருக்கும் போட்டுக் காட்ட மித்ரா சம்மதிக்கவில்லை. அம்மாதான் முதலில் கேட்க வேண்டும், அதுவும் அந்தக் கடை வாசலில். அவளே பதிவேற்றினாள். நான்கூடக் கேட்கவில்லை. விதிப்படி அது என் தவறு.

"அம்மாவுக்குப் பன்னண்டரைலேருந்து ஒரு மணி வரைக்கும்தான் ரெஸ்ட், சார்," என்று இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். "மத்த நேரத்துல வெளிய வர முடியாது. போன்கூட டிராயர்லதான் வச்சிருப்பாங்க."

குறித்துக்கொண்டேன். என் திட்டத்தில் எட்டாவது நிறுத்தம் சரியாக 12.30.

காலை 7.30க்குப் பள்ளி வேன். பட்டர்வொர்த் படகுத்துறை வரை சுமார் இருபது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். போய்வர வேன் வாடகை 180 வெள்ளி. படகுக் கட்டணம் நாங்கள் போன அன்று பெரியவருக்கு இரண்டு வெள்ளி. கட்டணம் மாறக்கூடும். அட்டையோ மின்பணமோ கையில் இருக்கட்டும், ரொக்கத்தை நம்ப வேண்டாம். 8.30 படகு கிடைத்தது. கடக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. எட்டுப் பேரில் இருவருக்கு இதுதான் முதல் படகுப் பயணம். மித்ரா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்க்கவில்லை. இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்க ஒக்காருவாங்கன்னு பாக்குறேன், சார்," என்றாள்.

படகுத்துறையிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே 800 மீட்டர் நடந்தால் மணிக்கூண்டு. 9.15க்குப் போய்ச் சேர்ந்தோம். ஹரிஷ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். நிழலில் திரிஷா என்னும் சைக்கிள் ரிக்ஷாவை நிறுத்தியிருந்த ஒரு சீன அங்கிள் தம் கைப்பேசியை எடுத்து அவன் அட்டையை ஸ்கேன் செய்தார். திரையைப் பார்த்தார். ஹரிஷைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மலாயில் கேட்டார், இந்தப் பையனைக் கேட்கக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டுமா என்று.

பதிவுகளை எல்லாம் அமைச்சு கொடுத்த ஆசிரியர் கணக்கிலிருந்து பகிர்ந்திருந்தேன். அந்தக் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். வகுப்பில் சோதித்தபோது எல்லாரும் அந்தக் கணக்கில்தான் இருந்தோம். எல்லாம் திறந்தது. ஆசிரியர்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை என்று நினைக்கிறேன். நம் உலகத்துக்கு வெளியே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது சோதனையில் வராது.

நடைபாதையில் உட்கார்ந்து எட்டுப் பதிவுகளையும் ஒவ்வொன்றாக யாரும் திறக்கும்படி மாற்றினேன். முப்பத்தைந்து நிமிடம். என்னுடன் வந்திருந்த கலா டீச்சர், என்னைவிட இருபது ஆண்டு மூத்தவர், பிள்ளைகளுக்குத் தொப்பி மாட்டிக்கொண்டே சொன்னார்: "அவசரப்படாதீங்க தம்பி. மணிக்கூண்டுல நேரம் போறது நல்ல சகுனம்தான்."

கடைசியில் திரிஷா அங்கிள் கேட்டார். அலாரம் அடித்தது. ஹரிஷின் அப்பா ஏசினார். அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார். ஏச்சு எந்த மொழியில் இருந்தாலும் புரிந்துவிடுகிறது.

9.55. இரண்டாவது புள்ளிக்குக் கிளம்பினோம்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மணிக்கூண்டிலிருந்து கோட்டை கண்ணுக்கு எதிரே இருக்கிறது. இருநூறு மீட்டர் இருக்கலாம். கவின் அதைக் கைகாட்டிக் கேட்டான்: "சார், என் எடம் இங்கதானே இருக்கு? போயிரலாமா?"

"இல்ல, அது நாலாவது," என்றேன்.

இரண்டாவது, கடலின் மேல் கம்பம் நட்டுக் கட்டிய வீடுகள் இருக்கும் சீனர் படகுத்துறைகள். வந்த வழியே திரும்பி, இறங்கிய இடத்தையும் தாண்டி, 1.1 கிலோமீட்டர். படகுத்துறையைக் கடந்தபோது ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "வீட்டுக்குப் போறோமா, சார்?" மூன்றாவது, சௌராஸ்டா சந்தை. அங்கிருந்து மேற்கே 1.4 கிலோமீட்டர். வெயில் ஏறிவிட்டது. எட்டுக் குழந்தைகள் நடக்கும் வேகம் வரைபடத்தில் இல்லை. ஒருவருக்குக் கழிப்பறை வேண்டும், ஒருவருக்குக் காலணி கடிக்கும், ஒரு பூனையை எல்லாருமே பார்க்க வேண்டும்.

11.15க்குச் சந்தை. காவியாவின் பதிவு, அவள் அத்தை இரவுச் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுவது. ஊறுகாய்க் கடைக்கார அக்கா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "இந்த அம்மா இங்க வந்தா நான் கடைய மூடிருவேன் லா," என்றார். காவியா அதை அத்தையிடம் சொல்வதற்காக உடனே பதிவு செய்துகொண்டாள். மிக நல்ல இருபது நிமிடங்கள். ஆனால் நேரம் 11.35.

பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். பால் சேர்க்காத ஐஸ் தேநீர், தே ஓ ஐஸ், பத்து. பதினெட்டு வெள்ளி.

"சார், எட்டாவது எத்தன மணிக்கு?" என்றாள் மித்ரா.

வரைபடத்தைப் பார்த்தேன். அடுத்தது கோட்டை, 1.7 கிலோமீட்டர். காலையில் இருந்த இடத்துக்கே மறுபடியும். பிறகு கோயில், பள்ளிவாசல், கடலோரத் திடல். பிறகுதான் லெபோ பாசார்.

"ஒன்னே முக்கால் ஆகும்மா."

"சரி, சார்."

உறிஞ்சுகுழலைக் குவளையில் போட்டாள். குடிக்கவில்லை. அவளிடம் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பெரியவர்கள் நேரம் தவறுவது அவளுக்குப் பழகியிருந்தது.

ஹரிஷ் மேசையைத் தட்டினான். "எங்க சரி? அவங்கம்மாவுக்கு ஒரு மணிக்கு ரெஸ்ட் முடிஞ்சிரும் லா, சார்!"

"தெரியும்," என்றேன்.

"அப்புறம் ஏன் சார் நாம ஊர சுத்திச் சுத்தி வர்றோம்? காலையில மணிக்கூண்டுல இருந்தோம். பக்கத்துல கோட்டை. அங்க போகாம இங்க வந்தோம். இப்ப திரும்ப அங்க போறோம்."

அப்போதுதான் புள்ளிகளின் எண்களை வேறு கண்ணால் பார்த்தேன். ஒன்று, நேரம். இரண்டு, நீர்ப் போக்குவரத்து. மூன்று, உணவு. நான்கு, வரலாறு. எட்டு, தொழில். பாடநூலின் அலகு வரிசை. வகுப்பறை நாற்காலியில் உட்கார்ந்து, அலகு எண்ணைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி குத்தியிருக்கிறேன். எந்தப் பாடத்திட்டமும் அப்படித்தான் எழுதப்படும், அப்படித்தான் சரிபார்க்கப்படும். மூன்றுக்குப் பிறகு நான்குதான் வர முடியும். நகரத்துக்கு அது தெரியாது. மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர்.

கலா டீச்சர் எட்டிப் பார்த்தார். "நீங்க பாடத்திட்டம் போட்டிருக்கீங்க தம்பி. வழி போடல."

"எங்கம்மா பசார் போனா லிஸ்டுல எழுதுன மாதிரியா வாங்குவாங்க?" என்றாள் காவியா. "எந்தக் கட கிட்டக்க இருக்கோ அதத்தான் மொதல்ல."

கைப்பேசியை மேசை நடுவில் வைத்தேன். எட்டுத் தலைகள் அதன் மேல் குனிந்தன. ஹரிஷ் புள்ளிகளை இழுத்து வரிசை மாற்றினான். இங்கிருந்து கிழக்கே நடந்தால் பள்ளிவாசல், அதையடுத்துக் கோயில், அங்கிருந்து லெபோ பாசார். மொத்தம் 1.4 கிலோமீட்டர். நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். இரண்டு வாரம் நான் உட்கார்ந்து செய்த வேலை.

"வழியில என் எடம் வருது," என்றாள் நிஷா. பள்ளிவாசல் அவளுடையது. அவள் வீட்டு ஜன்னலில் கேட்கும் மாலைத் தொழுகை அழைப்பு. "நிக்க வேணாம். திரும்பி வரும்போது போட்டுக்குறேன்."

கோயிலுக்குரிய பையனும் அதையே சொன்னான். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

கலா டீச்சர் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். "நடங்க பிள்ளைங்களா. பூனை வந்தா நான் பாத்துக்குறேன்."

11.58க்குக் கிளம்பினோம். பரமேஸ் அக்காவுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. கைப்பேசி டிராயரில் இருக்கும். பள்ளிவாசலைக் கடந்தபோது நிஷா தன் அட்டையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். சாலை கடக்க மூன்று இடத்தில் நின்றோம். ஒரு செருப்பு வார் அறுந்தது. கலா டீச்சர் தம் கைப்பையிலிருந்து ஊக்கு எடுத்துக் குத்தினார். அந்தப் பையில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

12.34. லெபோ பாசார்.

பரமேஸ் அக்கா கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் நின்றிருந்தார். கையில் சோற்றுப் பொட்டலம், பிரிக்காமல். தலையில் வலைத் தொப்பி. முன்கைகளில் மஞ்சள் பொடி. எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார், பிறகு எதற்கோ மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க டீச்சர். சாப்ட்டீங்களா? அடியே, மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு!"

மித்ரா கழுத்து அட்டையை நீட்டினாள். அம்மா ஸ்கேன் செய்தார். திறந்தது. அழுத்தினார். எதுவும் கேட்கவில்லை.

அந்தத் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். எதிரே ஓர் இசைத்தட்டுக் கடை, வாசலில் ஆள் உயர ஒலிபெருக்கி, காலையிலிருந்து இரவு வரை பாட்டு. கைப்பேசியைக் காதில் ஒட்டி வைத்தாலும் அந்தப் பாட்டுதான் கேட்கும். என் காதொலிக் கருவி பள்ளி மேசையில் இருந்தது.

ஹரிஷ் திரையில் பதிவின் நீளத்தைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து போனான். நானும் பின்னால் ஓடினேன்.

"அண்ணே, ஒரு நிமிஷம் பாட்ட நிறுத்த முடியுமா?"

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டு நின்னா கட மூடிட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க தம்பி. எதுக்கு?"

"அவங்கம்மா ஒன்னு கேக்கணும். ஒரு நிமிஷம் பன்னண்டு செகண்டு."

"அந்தப் பன்னண்டு செகண்டு எதுக்கு?"

"அது இருக்கே, அண்ணே."

அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார். பரமேஸ் அக்கா கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி நின்றார். கடைக்காரர் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார்.

தெரு திடீரென்று பெரிதானது. நடந்தவர்கள் சிலர் நின்று பார்த்தார்கள். எங்கோ ஒரு கரண்டி விழுந்தது கேட்டது. நான் திரும்பி ஓடினேன்.

மித்ராவின் பதிவு.

ஓர் அலாரம், முதல் ஒலியிலேயே அணைக்கப்படுகிறது. தண்ணீர், குழாயை முழுதாகத் திறக்காமல். கரண்டி கோப்பையின் பக்கத்தில் படாமல் சுற்றும் சத்தம். பை ஜிப், கொஞ்சம், நிறுத்தம், மீண்டும் கொஞ்சம். வெறுங்கால் நடை. கதவு. வெளியே போய்ச் செருப்பைத் தரையில் வைக்கும் சத்தம். இரும்பு கேட், மிக மெதுவாக. பிறகு மோட்டார் சைக்கிளின் சக்கரங்கள் சரளையில் உருளும் ஒலி, தூரமாக, இன்னும் தூரமாக. தெருமுனையில், கேட்டும் கேட்காத அளவில், இயந்திரம் உயிர்பெறுகிறது.

கடைசியில் மித்ராவின் குரல். "இதுக்கு அப்புறம் அம்மா போற எடத்த நான் பாத்ததே இல்ல. இன்னிக்குப் பாக்கப் போறேன்."

எதிர்ப்பக்கம் பாட்டு மறுபடியும் தொடங்கியது.

பரமேஸ் அக்கா கைப்பேசியை இறக்கவில்லை. "வண்டிய முனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயித்தானே ஸ்டார்ட் பண்றேன்," என்றார். எங்களிடம் சொல்வது போல. "இன்னும் அரை மணி நேரம் தூங்கட்டும்னு."

"தெரியும்," என்றாள் மித்ரா.

"முழிச்சிக்கிட்டா இருந்த?"

"ம்."

"அன்னிக்கா? தெனமுமா?"

"தெனமும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க இன்னும் மெதுவா போவீங்க. அப்புறம் எனக்குக் கேக்காது."

அக்கா சிரிக்கத்தான் தொடங்கினார். மஞ்சள் கையால் கண்ணைத் துடைக்கப் போனபோது கலா டீச்சர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். "அந்தக் கையோட வேணாம், மிளகாயும் இருக்கும்!" அந்தப் பையிலிருந்து ஈரத் தாள் வந்தது.

மணி 12.43. மீதிப் பதினேழு நிமிடத்தை மித்ரா கடைக்குள் கழித்தாள். முதலாளி தலையசைத்தார், அவளுக்கும் ஒரு வலைத் தொப்பி கொடுத்தார். நாங்கள் வாசலிலிருந்து பார்த்தோம். அம்மா எதையெதையோ காட்டினார். மல்லி மூட்டை, தராசு, பையின் வாயை ஒட்டும் இயந்திரம். மித்ரா ஒவ்வொன்றின் அருகிலும் கைப்பேசியைக் கொண்டுபோய்ப் பிடித்தாள். ஒரு மணிக்கு அக்கா கைப்பேசியை டிராயரில் வைத்தார். சோற்றுப் பொட்டலம் இன்னும் பிரிக்கப்படவில்லை. கவனித்த முதலாளி, "பத்து நிமிஷம் கழிச்சு வாம்மா," என்றார். பத்து நிமிடமாவது கொடுத்தாரே என்று அப்போது தோன்றியது. பத்து நிமிடம்தானா என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

மற்றவர்கள் தங்கள் முறையை விடவில்லை. கோயில், பள்ளிவாசல், கடலோரத் திடல், கடைசியாகக் கோட்டை. கவினின் தலையணைப் போரை இரண்டு ஆஸ்திரேலியப் பயணிகள் முழுதாகக் கேட்டார்கள். 3.40 படகு. 4.50க்குப் பள்ளி.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில சொல்ல வேண்டும். பகிர்வு இணைப்பை உங்கள் பள்ளிக்குத் தொடர்பே இல்லாத ஒருவரின் கைப்பேசியில் முதல் நாளே திறந்து பாருங்கள். இலவசம் என்று சொல்லும் சில கியூஆர் தளங்கள் இரண்டு வாரத்தில் குறியீட்டை முடக்கிவிட்டுக் கட்டணம் கேட்கும். காலாவதி ஆகாத வகையா என்று படித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பதிவு ஒரு நிமிடத்தைச் சுற்றி இருக்கட்டும். அதற்கு மேல் தெருவில் யாரும் நிற்பதில்லை. பிள்ளையின் முழுப் பெயரும் முகமும் வரைபடத்தில் வேண்டாம். வீட்டுச் சத்தம் என்பதால் வீட்டாரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். மித்ராவின் பதிவுக்கு மட்டும் அதை நான் பின்னால்தான் வாங்கினேன். காதொலிக் கருவி இரண்டு எடுத்துப் போங்கள். படகுத்துறையில் தொடங்கி, வழியில் வருவதை வருகிற வரிசையில் பார்த்தால் எட்டு இடமும் ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கும். சந்தையை விட்டுவிட்டால் இன்னும் குறையும். ஆனால் விடாதீர்கள்.

வரிசையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பாடத்திட்டத்தில் 'மாணவர் ஈடுபாடு' என்று ஒரு பெட்டி இருக்கும். அதை நான் பல ஆண்டுகளாக நிரப்பி வருகிறேன். காப்பிக் கடை மேசையில் நடந்ததை அந்தப் பெட்டியில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலியாக விட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மித்ரா கணினி அறைக்கு வந்தாள். எட்டாவது புள்ளியில் இன்னொரு பதிவு சேர்க்க வேண்டும் என்றாள்.

"கடையில எடுத்ததா?"

"அது நேத்தே போட்டுட்டேன், சார். இது வேற. வீட்ல எடுத்தது."

இந்த முறை அவளே எனக்குக் காதொலிக் கருவியை நீட்டினாள். ஆறு விநாடி. வாசலிலேயே, முழுச் சத்தத்தோடு, மோட்டார் சைக்கிள் கிளம்புகிறது. அதற்கு மேல் ஒரு குரல், தெருவுக்கே கேட்கும்படி.

"போய்ட்டு வரேன்டி!"